பாஸ் இருந்தும் ஏற விடவில்லை, டிக்கெட் இருந்தும் அபராதம்: ஐரோப்பாவில் ரயிலேறிய மன்னார்குடிக் குடும்பத்துக்கு

மன்னார்குடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மே மாத விடுமுறையில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா என்று ஆறு பேராக ஐரோப்பா போயிருக்கிறார்கள். ஊருக்கு ஊர் ரயிலில்தான் போவது என்று முடிவு செய்து பாஸும் வாங்கியிருக்கிறார்கள். பாரிஸில் ஜூரிச் வண்டிக்குப் பாஸைக் காட்டியும் கேட்டைத் தாண்ட விடவில்லை. புளோரன்ஸிலிருந்து பீசா போன வண்டியில், காசு கொடுத்து வாங்கிய டிக்கெட் கையில் இருந்தும் அபராதம் போட்டுவிட்டார்கள். பெர்லினிலிருந்து கொலோன் போகும்போது வண்டி நடுவழியில் இரண்டாகப் பிரிந்து, அப்பாவும் பெரிய பையனும் வேறு ஊர்ப் பக்கம் போய்விட்டார்கள். இன்னொரு நாள் வண்டி ஒன்றரை மணி நேரம் தாமதமாகி, மாற வேண்டிய வண்டி போய்விட்டது. பணம் திரும்பக் கிடைக்குமா, இனி வெளிநாட்டில் ரயிலே வேண்டாமென்று வேன் எடுத்துக்கொள்வதுதான் சரியா என்று கேட்டு முடித்திருக்கிறார். ஆனால் இடையில், முட்டிவலிக்கார அம்மாவை இப்படி அலைய வைத்துவிட்டேனே என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த வரிதான் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். பெரியவர்களும் பிள்ளைகளும் உள்ள நம் வீட்டுக்கு அந்த ஊர் ரயில் ஒத்துவருமா, வராதா?

ஒத்துவரும் என்பதே என் பதில். பணிக்காலம் முழுதும் தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கத்து ஸ்டேஷன்களில் முன்பதிவுக் கவுண்டரிலும் பிறகு டிக்கெட் பரிசோதனையிலும் இருந்தேன். மகள் ஜெர்மனியில் இருப்பதால் அந்த ஊர் வண்டிகளிலும் பழக்கம் உண்டு. ஓய்வுக்குப் பிறகு இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் வெளிநாடு கிளம்பும்போது என்னிடம் வந்து வழி கேட்கிறார்கள். எல்லோரும் எத்தனை ஊர் பார்க்கலாம் என்றுதான் கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். எத்தனை தடவை வண்டி மாற வேண்டும் என்று கணக்குப் போட்டு வருபவர் அபூர்வம். குடும்பத்தை அலைக்கழிப்பது அந்த மாற்றங்கள்தான், ஓடுகிற வண்டி இல்லை. உங்கள் டிக்கெட்டுகளை நான் பார்க்கவில்லை என்பதால், பணம் விஷயத்தில் எது நிச்சயம், எது உங்கள் கையிலுள்ள தாள்களைப் பொறுத்தது என்று பிரித்துச் சொல்கிறேன்.

பாரிஸில் நடந்தது விதிப்படி சரி. ஐரோப்பாவில் குடியிருக்காதவர்களுக்கு விற்கும் யூரெயில் பாஸ் 33 நாடுகளில் செல்லும். ஆனால் அது கட்டணத்தை மட்டும்தான் அடைக்கிறது. இருக்கை தனிக் கணக்கு. நம் முன்பதிவு டிக்கெட்டிலும் ரிசர்வேஷன் கட்டணம் என்று ஒரு தொகை உள்ளே இருக்கத்தான் செய்கிறது; எல்லாவற்றையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாகக் கொடுத்துவிடுவதால் யாரும் கவனிப்பதில்லை. அங்கே பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சியாரோஸா, ஸ்பெயினின் அவே, கடலுக்கடியில் லண்டன் போகும் யூரோஸ்டார் போன்ற வேக வண்டிகளில் இருக்கை பதியாமல் ஏறவே முடியாது. பாஸ் வைத்திருப்பவர்களுக்கென்று பல வண்டிகளில் ஒரு சிறு கோட்டாதான் வைத்திருக்கிறார்கள். அது தீர்ந்துவிட்டால், வண்டியில் இடம் காலியாக இருந்தாலும் பாஸ்காரருக்கு இடமில்லை. ஜெர்மனியின் வேக வண்டியான ஐசிஇ, சுவிட்சர்லாந்தின் சாதாரண வண்டிகள் இவற்றில் பொதுவாக இந்தக் கட்டாயம் கிடையாது. பாஸ் விற்பவர்கள் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. வாங்குகிறவர் கண்ணில் 33 நாடு என்பது மட்டும் பெரிதாகப் படுகிறது.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று. 4 வயது முதல் 11 வயது வரை உள்ள பிள்ளைக்குப் பெரியவரோடு போனால் பாஸ் இலவசம், ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள் வரை. ஆனால் இருக்கை கட்டாயமான வண்டியில் அந்தப் பிள்ளைக்கும் தனியாக இருக்கை பதிய வேண்டும். ஆளுக்குப் பத்து யூரோவில் தொடங்கி, எல்லை தாண்டும் வண்டிகளில் முப்பது யூரோவுக்கு மேலும் போகும். ஆறு பேருக்குக் கூட்டிப் பாருங்கள், பாஸ் வாங்கியதன் லாபம் அங்கேயே கரைந்துவிடும். பாரிஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி என்று போகிறவர்களுக்கு நான் பாஸ் சொல்வதில்லை. அந்த வேக வண்டிகளுக்கு முன்கூட்டியே சாதாரண டிக்கெட் வாங்கினால் இருக்கையும் சேர்ந்தே வரும், பெரும்பாலும் மலிவாகவும் இருக்கும். நம் ரயில்வேயில் 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது. அங்கே பல வண்டிகளுக்கு மூன்று நான்கு மாதம் முன்பே திறந்துவிடுவார்கள். முதலில் எடுப்பவருக்குக் குறைந்த விலை. சுவிட்சர்லாந்துக்கு மட்டும் அந்த நாட்டின் பாஸ் எடுக்கலாம். அதோடு குடும்ப அட்டை கேட்டு வாங்கினால் 6 முதல் 15 வயது வரையான பிள்ளைகள் அம்மா அல்லது அப்பாவோடு இலவசமாகப் போகலாம். மலை ரயில்களில் பேர்பெற்ற கிளேசியர் எக்ஸ்பிரஸ் போன்றவற்றுக்கு அந்தப் பாஸ் இருந்தாலும் தனியாக இருக்கை பதிய வேண்டும்.

பீசா வண்டி அபராதம்தான் உங்களுக்கு அதிகமாக உறுத்துகிறது என்று தெரிகிறது. பாஸ் நாள் ஒன்று வீணாக வேண்டாமென்று தனியாகக் காகித டிக்கெட் வாங்கினோம், அதற்குப் போய் அபராதமா என்று கேட்கிறீர்கள். இத்தாலியில் உள்ளூர் வண்டிகளுக்கான காகித டிக்கெட்டை, ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்திலோ வாசலிலோ இருக்கும் சிறு பெட்டி இயந்திரத்தில் செருகித் தேதியும் நேரமும் முத்திரையிட்டுக்கொள்ள வேண்டும். காரணம் எளிது. அந்த டிக்கெட் குறிப்பிட்ட வண்டிக்கு உரியதில்லை. முத்திரை இல்லாவிட்டால் இன்று போய்விட்டு நாளையும் அதே தாளைக் காட்டலாம். நம் அன்ரிசர்வ்டு டிக்கெட்டில் வாங்கிய நேரமே அச்சாகிவிடுகிறது. 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரமென்றால் அதிலிருந்து 3 மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும் என்று விதி. அதனால் நமக்கு முத்திரை தேவைப்படவில்லை. அவர்களுக்கு அந்தப் பெட்டிதான் கடிகாரம். போனில் வாங்கிய உள்ளூர் டிக்கெட்டாக இருந்தாலும் ஏறுமுன் 'செக்-இன்' செய்ய வேண்டும். பரிசோதகராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், முத்திரை இல்லாத தாளைப் பிடித்த அந்த ஆளுக்கு அங்கே வேறு வழி குறைவு. நம் ஊரில் டிடிஆரிடம் நிலைமையைச் சொல்லிப் பேசிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை நம்மோடு பெட்டியில் ஏறிவிடுகிறது. அங்கே அது செல்லாது. இயந்திரம் பழுதாக இருந்தால் டிக்கெட்டின் மேல் தேதி, நேரம், ஸ்டேஷன் பெயரைப் பேனாவால் எழுதி, பரிசோதகர் நம்மைத் தேடி வரும் முன் நாம் அவரைத் தேடிப் போய்ச் சொல்லிவிட வேண்டும். தானாக வந்து சொல்பவரையும் பிடிபட்டவரையும் எந்த ஊர்ப் பரிசோதகரும் ஒரே கண்ணால் பார்க்கமாட்டார். அந்த அபராதப் பணம் திரும்பாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பெர்லின் வண்டி பிரிந்ததைப் படித்தபோதுதான் எனக்கு மனம் பதறியது. அது பழுதோ விபத்தோ இல்லை, அட்டவணையிலேயே உள்ளதுதான். பெர்லினிலிருந்து ஹனோவர் வழியாக மேற்கே போகும் ஐசிஇ வண்டிகள் பல, ஹம் என்ற ஜங்ஷனில் இரண்டாகும். ஒரு பாதி ஹாகன், வுப்பர்டால் வழியாகக் கொலோனுக்கும், மறு பாதி டோர்ட்முண்ட், எசன் வழியாக டுசல்டார்ஃபுக்கும் போகும். நமக்கும் இது புதிதில்லை. குருவாயூர் எக்ஸ்பிரஸில் வந்த தூத்துக்குடி கோச்சுகளை வாஞ்சி மணியாச்சியில் கழற்றி அனுப்பியது பலருக்கு நினைவிருக்கும். ஆனால் நம் வண்டியில் கோச்சின் பக்கவாட்டிலேயே ஊர்ப் பெயர்ப் பலகை தொங்கும், அடுத்த பெட்டிக்காரர் நீங்கள் கேட்காமலே இது தூத்துக்குடிப் பெட்டி என்று சொல்லிவிடுவார். அங்கே இரண்டு பாதிகளும் மூக்கோடு மூக்கு ஒட்டிய இரண்டு முழு வண்டிகள். நடுவில் நடைவழியே கிடையாது. ஒரு பாதியில் ஏறிவிட்டால் ஓடும் வண்டியில் மறு பாதிக்கு நடந்து போக முடியாது. உங்கள் அப்பாவும் பையனும் உட்கார இடம் தேடித்தான் முன் பெட்டிக்குப் போனார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கை கட்டாயமில்லை என்பதால் யாரும் பதியவில்லை, பதியாததால் சிதறி உட்கார்ந்தீர்கள், சிதறியதால் பிரிந்தீர்கள். ஜெர்மனியில் கட்டாயமில்லாவிட்டாலும் குடும்பத்துக்கு இருக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஏறும் முன் பெட்டிக் கதவருகே உள்ள மின்பலகையில் போய்ச்சேரும் ஊரைப் படியுங்கள். ஒவ்வொருவர் கையிலும், பிள்ளை கையிலும்கூட, இறங்க வேண்டிய ஊர் பெயரும் உங்கள் போன் எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும். ஒரே போனில் ஆறு பேர் டிக்கெட்டையும் வைத்துக்கொண்டு சுற்றாதீர்கள். அன்று உங்கள் அப்பாவின் கையில் டிக்கெட்டும் இல்லை, போனில் சிம்மும் இல்லை என்பதை யோசித்தால் அவர்கள் பத்திரமாக வந்து சேர்ந்ததே பெரிது.

தாமதத்தைப் பற்றி ஒரு விஷயத்தைத் தெளிவாக்க வேண்டும். ஜெர்மனி வண்டி கடிகாரம் மாதிரி ஓடும் என்பது பழைய பேச்சு. 2024-ல் அந்த நாட்டின் நீண்டதூர வண்டிகளில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு ஓடியதாக ரயில் நிறுவனமே வெளியிட்டது. 6 நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தை நேரத்துக்கு வந்ததாகவே எண்ணி வந்த கணக்கு அது. ரத்தான வண்டிகள் அதில் சேரவும் இல்லை. காரணம் தேய்ந்த தண்டவாளமும், ஒரே வழித்தடத்தில் வண்டிகளின் நெரிசலும், அதைச் சரிசெய்ய நடக்கும் வேலைகளும். ஃபிராங்ஃபர்ட், மான்ஹைம் இடையிலான முக்கியப் பாதையை 2024 ஜூலை முதல் டிசம்பர் வரை அடியோடு மூடி வேலை செய்தார்கள். நம் மெயின் லைனில் மீட்டர் கேஜை அகலப் பாதையாக்க மூடிக் கிடந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சுவிட்சர்லாந்தில் நிலைமை வேறு, அங்கே நேரத்தை நம்பலாம். இத்தாலியில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும், முன்பே அறிவித்துவிடுவார்கள். வேலைநாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உள்ளூர் வண்டிகளில் உறுதி செய்யப்பட்டவை ஓடும். அதைத் தெரிந்துவைத்துக்கொண்டால் நாள் முழுதும் ஸ்டேஷனில் காத்துக் கிடக்க வேண்டாம்.

எனவே அந்த ஊர் ரயில் செயலி உங்களுக்கு 7 நிமிட இடைவெளியில் வண்டி மாறலாம் என்று காட்டினால் அது தனி ஆளுக்கான கணக்கு. ஆறு பேர், முட்டிவலி, பெட்டிகள், பாத்ரூம் போக வேண்டுமென்று அந்த நேரம் பார்த்துச் சொல்லும் பிள்ளை, இவ்வளவும் அதற்குத் தெரியாது. வண்டி மாற குறைந்தபட்சம் எத்தனை நிமிடம் வேண்டும் என்று செயலியிலேயே குறிப்பிட இடம் இருக்கிறது. அதில் நாற்பது நிமிடத்துக்குக் குறையாமல் போடுங்கள், ஜெர்மனியென்றால் ஒரு மணி நேரம். ஸ்டேஷனில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மணி நேரம் வீண் என்று நினைக்காதீர்கள். பெரியவர்கள் எலுமிச்சை சாதத்தைப் பிரித்து நிதானமாகச் சாப்பிடுவதும் அந்த நேரத்தில்தான்.

பணத்துக்கு வருவோம். இதில் நிச்சயமானது ஐரோப்பிய ஒன்றியத்தின் பயணிகள் உரிமைச் சட்டம். இப்போதுள்ள வடிவம் 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. போய்ச்சேரும் இடத்துக்கு 60 முதல் 119 நிமிடம் தாமதமானால் டிக்கெட் விலையில் 25 சதவீதம், 120 நிமிடமோ அதற்கு மேலோ என்றால் 50 சதவீதம். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் பயணத்தையே கைவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அல்லது வேறு வழியில் அனுப்பச் சொல்லலாம். இரவு தங்க நேர்ந்தால் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. கடும் புயல், வெள்ளம், தண்டவாளத்தில் ஆள் புகுந்தது போன்ற காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. ரயில் ஊழியர்களின் வேலைநிறுத்தம் அந்த விலக்கில் வராது.

உங்கள் தாள்களைப் பொறுத்தது எதுவென்றால், அந்த நாளின் இரண்டு வண்டிகளும் ஒரே டிக்கெட்டா, தனித்தனி டிக்கெட்டா என்பது. ஒரே டிக்கெட் என்றால் கடைசி ஊருக்கு எவ்வளவு தாமதமாகப் போய்ச்சேர்ந்தீர்கள் என்பதுதான் கணக்கு. முதல் வண்டி தாமதத்தால் இரண்டாவது போனது அவர்கள் பொறுப்பு. மலிவாகக் கிடைக்கிறதென்று இரண்டு இடத்தில் தனித்தனியாக வாங்கியிருந்தால், ஒவ்வொரு வண்டியும் தன் தாமதத்துக்கு மட்டும் பதில் சொல்லும். தவறிப்போன வண்டியின் டிக்கெட் பெரும்பாலும் போனதுதான். பாஸில் போன நாளென்றால் பாஸ் கொடுத்தவர்களிடமே விண்ணப்பிக்க வேண்டும். ஒரு பயண நாளின் மதிப்பை வைத்துத்தான் கணக்கிடுவார்கள், தொகை சிறியதாகவே இருக்கும்.

ஒரே டிக்கெட்டின் அருமை நம் பக்கத்துக்குத் தெரியாததில்லை. வெளிநாட்டுக்கே ரயில் டிக்கெட் எடுத்த ஊர்கள் இவை. 1914-ல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியபின், எழும்பூரிலிருந்து மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகப் போன போட் மெயிலில் ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போனார்கள். ரயில், கப்பல், மறுபடி ரயில், எல்லாம் அந்த ஒரு டிக்கெட்டின் பொறுப்பு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அந்தத் தனுஷ்கோடி வழி முடிந்தது. இன்றைக்கும் நம் ரயில்வேயில் அதன் சிறு வடிவம் ஒன்று உண்டு. நான் சொல்லும்போதெல்லாம் மக்கள் ஆச்சரியப்படுவார்கள். 2019 ஏப்ரல் முதல் இரண்டு வண்டிகளின் பிஎன்ஆரை இணைத்துக்கொள்ளலாம். முதல் வண்டி தாமதமாகி இரண்டாவது தவறினால், போகாத பகுதிக்குப் பணத்தைப் பிடித்தமில்லாமல் திரும்பப் பெறலாம். பயணிகளின் பெயர் விவரம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்; முதல் வண்டியில் இறங்கும் ஊரும் இரண்டாவதில் ஏறும் ஊரும் பொருந்த வேண்டும். உள்ளூரில் செய்யும் இந்த ஜாக்கிரதையையே அங்கேயும் செய்யுங்கள். இருபது யூரோ கூடுதலானாலும் முழு தூரத்துக்கும் ஒரே டிக்கெட் வாங்குங்கள்.

சாமான் பெட்டிகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜெர்மனியில் ஒரு ஜங்ஷனில் நின்றுகொண்டிருந்தபோது பிளாட்பாரத்தில் தமிழ்ப் பேச்சு கேட்டது. மடிசார் கட்டிய பாட்டி ஒருவர், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். விமானத்தில் ஆளுக்கு இரண்டு பெட்டி அனுமதி என்பதால் ஆளுக்கு இரண்டு பெட்டி. பிளாட்பாரத்தில் அங்கே ஏ, பி, சி என்று எழுத்துப் பலகைகள் தொங்கும், நம் கோச் இண்டிகேட்டர் மாதிரி. உங்கள் கோச் எந்த எழுத்தின் கீழ் நிற்கும் என்று திரையில் காட்டுவார்கள். அவர்கள் சரியாக ஏ-யில்தான் நின்றார்கள். வண்டி வரும் நேரத்தில் கோச்சுகள் இன்று தலைகீழ் வரிசை என்று ஜெர்மன் மொழியில் ஒரு அறிவிப்பு வந்தது. வண்டி நிற்பதோ மூன்று நிமிடம். அவர்கள் கோச் பிளாட்பாரத்தின் மறுகோடியில். பாட்டி ஓட முடியுமா? எந்தக் கதவிலாவது ஏறுங்கள், உள்ளே நடந்து போகலாம் என்று சத்தம் போட்டு, மகனோடு சேர்ந்து பெட்டிகளைத் தூக்கி உள்ளே தள்ளினேன். கடைசியாகப் பாட்டி ஏறும்போது படியின் உயரத்தைப் பார்த்து ஒரு கணம் தயங்கி, புடவைக் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றொரு கையை என் பக்கம் நீட்டினார். வண்டி கிளம்பிய பிறகும் எனக்குக் கை நடுங்கியது. போர்ட்டர் என்று ஒருவர் அங்கே இல்லை. ஆகவே இருவருக்கு ஒரு பெட்டி, அதுவும் நீங்கள் ஒரு கையால் தூக்கக்கூடிய எடை. பிரான்ஸின் டிஜிவி இனுயி வண்டிகளில் 2024 முதல் ஆளுக்குப் பெரிய பெட்டி இரண்டு, கைப்பை ஒன்று என்ற வரம்பைக் கண்டிப்பாக்கிவிட்டார்கள். மீறினால் அபராதமும் உண்டு. பெட்டி மேல் பெயர்ச்சீட்டு கட்டாயம்.

ஸ்டேஷன்களிலும் கவனம் வேண்டும். பாரிஸில் பெரிய ரயில் நிலையங்களே ஆறு. லண்டன் வண்டி வந்து நிற்பது கார் டு நோர், சுவிட்சர்லாந்து வண்டி கிளம்புவது கார் டு லியோன். இரண்டுக்கும் நடுவே நகர ரயிலில் இரண்டு நிறுத்தம்தான் என்றாலும், பெட்டிகளோடும் பெரியவர்களோடும் நெரிசல் நேரத்தில் அது பெரிய பயணம், டாக்ஸி எடுத்துவிடுங்கள். வெனிஸில் மெஸ்ட்ரே என்று இறங்கினால் கரையில் நிற்பீர்கள். தீவுக்குள் போக சாண்டா லூசியா வரை உட்கார்ந்திருக்க வேண்டும். டிஜிவி கதவு புறப்படுவதற்கு 2 நிமிடம் முன்பே மூடிவிடும்.

உங்கள் அம்மா விஷயத்தில் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் சொன்ன பயணிகள் உரிமைச் சட்டத்தில் நடமாட்டக் குறைவு உள்ளவர்களுக்கு உதவி ஏற்பாடு இருக்கிறது, வயதால் நடக்கச் சிரமப்படுபவர்களும் அதில் அடக்கம். 24 மணி நேரத்துக்கு முன் ரயில் நிறுவனத்திடம் சொல்லி வைத்தால், பணியாளர் உள்ள ஸ்டேஷன்களில் ஆள் வந்து, சக்கர நாற்காலியோ ஏற்றிவிடும் லிஃப்டோ கொண்டுவந்து ஏற்றி இறக்கி, அடுத்த பிளாட்பாரம் வரை கொண்டுபோய் விடுவார்கள். கட்டணம் இல்லை. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் இருந்தால்தான் என்று நினைத்து நம்மவர்கள் கேட்பதே இல்லை. சின்ன ஸ்டேஷன்களில் எல்லா நேரமும் ஆள் இருக்கமாட்டார்கள், அதனால் பெரிய ஸ்டேஷனிலேயே மாறும்படி வழியை அமையுங்கள்.

வேன் எடுப்பதா என்றால், ஒரு பகுதிக்கு மட்டும் எடுக்கலாம். புளோரன்ஸைச் சுற்றியுள்ள கிராமங்கள் போன்ற இடங்களுக்கு வேன்தான் வசதி. ஆனால் ஊர்விட்டு ஊர் நாடுவிட்டு நாடு வேனிலேயே என்றால் எனக்குச் சம்மதமில்லை. இத்தாலிய நகரங்களின் பழைய பகுதிகளில் வெளிவண்டி நுழையத் தடை உண்டு. காமிரா படம் பிடித்து, நீங்கள் மன்னார்குடி திரும்பிப் பல மாதம் கழித்து அபராதச் சீட்டு வரும். ஓட்டுநர் உரிமத்தோடு ஆர்டிஓவில் வாங்கிய பன்னாட்டு அனுமதியும் வேண்டும். எதிர்ப்பக்க ஓட்டம். ஆறு பேர் உட்கார்ந்தபின் ஏழு பேர் வண்டியில் பெட்டிக்கு இடமிருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டுகிற உங்களுக்கு விடுமுறையே கிடைக்காது.

நம் ஊர்களில் ஏஜெண்டுகள் பத்து நாளில் ஏழு நாடு என்று விற்கிறார்கள். உங்களுக்கு நான் போட்டுத் தந்திருந்தால் பத்து நாளில் இரண்டே தங்குமிடம் வைத்திருப்பேன். சுவிட்சர்லாந்தில் லூசெர்னில் ஐந்து இரவு, புளோரன்ஸில் ஐந்து இரவு. அங்கிருந்து தினம் பெட்டி இல்லாமல் கைவீசிப் போய் மாலை திரும்புவது. பெட்டியோடு போகும் நாள் நடுவில் ஒன்றே ஒன்று, மிலானில் ஒரே மாற்றம், ஒன்றரை மணி நேர இடைவெளி. அம்மாவுக்கு முந்தைய நாளே உதவி சொல்லி வைத்தாயிற்று. பாரிஸ் இன்னொரு வருஷம்.

இப்போது உடனே செய்ய வேண்டியது. புகாருக்குச் சட்டம் தரும் அவகாசம் 3 மாதம்தான், நீங்கள் மே மாதம் போனவர்கள். தாமதமான நாளின் வண்டி எண், புறப்பட்ட ஊர், இறங்கிய ஊர், உண்மையில் போய்ச்சேர்ந்த நேரம், டிக்கெட்டின் முன்பதிவு எண் இவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். பாஸில் போனதா, தனி டிக்கெட்டா, தனி டிக்கெட் என்றால் இரண்டு வண்டிக்கும் ஒரே முன்பதிவு எண்ணா என்று பாருங்கள். பிறகு அந்த ரயில் நிறுவனத்தின் தளத்தில் இழப்பீட்டுப் படிவத்தை நிரப்புங்கள், ஆங்கிலத்திலேயே இருக்கும். பணமாக வேண்டும் என்று குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் கூப்பன் அனுப்பிவிடுவார்கள், அது மன்னார்குடியில் எதற்கும் உதவாது. முன்பதிவு எண் ஒன்றா இரண்டா என்பதில் குழப்பமிருந்தால், பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டு டிக்கெட்டின் அமைப்பை மட்டும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.